கறுப்பன் தலை

வோபர்ன், ஸ்காபரோ
2023 ஒக்ரோபர் 29

அன்புள்ள தம்பி அகஸ்ரினுக்கு,

மாதாவின் காவலில் நானும் சீமோன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். குளிர் தொடங்கியதும் அத்தானுக்கு முழங்கால் பிடித்துவிட்டது. வேறு குறை இல்லை. நீயும் மரியம்மாவும் சுகம்தானே?

நேற்று நான் போனில் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். கதைத்தால் இரண்டு பேரும் சண்டைதான் பிடிப்போம். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜூலியன் தன் போனை நீட்டினான். "அம்மா, மாமா வைரலாப் போறார், பாருங்கோ." நீ அங்கே ஒரு பழைய மதுச்சாலையை நடத்த எடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா குடித்தே செத்த வீட்டில் பிறந்தவனுக்கு ஏன் இந்தத் தொழில் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. உன் சீவியம், உன் பாடு. ஆனால் அந்த வீடியோ வேறு.

வாசலுக்கு மேலே ஒரு மரத்தலை. தார் மாதிரிக் கறுப்பு. பிதுங்கிய வெள்ளை முழி, இரத்தச் சிவப்பில் உதடு, வெட்டிய கழுத்திலும் சிவப்பு வழிகிற மாதிரிப் பெயின்ற். நீ ஏணியில் ஏறி நின்று ஒரு குடம் பியரை அந்தத் தலையின் வாய்க்குள் ஊற்றுகிறாய். அது கழுத்தால் ஒழுகுகிறது. கீழே சனம் கைதட்டுகிறது. யாரோ ஒருவன் ஆங்கிலத்தில் கத்துகிறான்: "ரெண்டில எது லான்ட்லோர்ட்?" எல்லாரும் சிரிக்கிறார்கள். நீயும் சிரிக்கிறாய்.

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேலாக நேர்சிங் ஹோமில் வேலை செய்கிறேன். மனிதர் உடம்பிலிருந்து வருகிற எதுவும் என் கைக்குப் புதிதில்லை. அருவருத்து முகம் சுளித்ததில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப் போய்ச் சிங்கில் ஓங்காளித்தேன். அந்தத் தலையைப் பார்த்து இல்லை. உன் சிரிப்பைப் பார்த்து. ஏன் சிரித்தாய்?

அதை முதலில் கழற்று. பிறகு என்னோடு கதை.

உன் நன்மையையே நினைக்கும் அக்கா,
அருள்மலர்


மார்ஸ்பரி, இங்கிலாந்து
2023 நவம்பர் 20

அன்பான அக்காவுக்கு,

நானும் மரியம்மாவும் நல்ல சுகம். அவள் உங்களுக்கும் அத்தானுக்கும் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். அத்தானின் முழங்காலுக்கு இங்கே ஒரு நல்ல களிம்பு இருக்கிறது, அனுப்புகிறேன்.

நீங்கள் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். அந்த வீட்டின் கதை தெரிந்தால் இப்படி எழுதமாட்டீர்கள். கடையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'கறுப்பன் தலை'. இங்கே மதுச்சாலை நடத்துகிறவனைத்தான் லான்ட்லோர்ட் என்பார்கள்; உங்கள் ஊரில் வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரன் இல்லை. உள்ளே ஒரு பலகையில் இருநூற்றெண்பது வருடத்து லான்ட்லோர்ட்மாரின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது.

முதல் ஆள் ஜோப் கென்ட்ரிக். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பலில் களஞ்சியம் பார்த்தவன். தலையைச் செய்வித்து மாட்டியது அவன்தான். அது அவன் வென்ற ஒரு அரசனின் தலை என்பார்கள் சிலர். சிலர், அவன் கூட்டிவந்த வேலைக்காரன் என்பார்கள். இங்கேயுள்ள சரித்திரச் சங்கத்துக் கிழவர், "அது வெறும் விளம்பரப் பலகை, ஐயா" என்கிறார். ஜோப்புக்குப் பிறகு ஹன்னா என்ற விதவை. முப்பது வருடம் நடத்தியிருக்கிறாள். குடித்துவிட்டுப் பெண்சாதிக்கு அடித்தவனைக் காதில் பிடித்து இழுத்துப்போய்க் குதிரைத் தொட்டியில் அமுக்குவாளாம். அவளுக்குப் பிறகு வந்தவன் பின்முற்றத்தில் குழி வெட்டி, சாக்குச் சாக்காக எலி விட்டு, நாயை இறக்கிப் பந்தயம் வைத்தவன். அந்தக் குழிக்கு மேலேதான் இப்போது எங்கள் சமையலறை இருக்கிறது. மரியம்மா அங்கே நின்றுதான் மட்டன் ரோல்ஸ் பொரிக்கிறாள். வெள்ளைக்காரர் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

புதிதாக வருகிற ஒவ்வொரு லான்ட்லோர்ட்டும் முதல்நாள் தலைக்குப் பியர் கொடுக்க வேண்டும். அது ஊர் வழக்கம். நான் மட்டும் மாட்டேன் என்றால் அன்றைக்கே கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பலகையில் கடைசிப் பெயர் என்னுடையது. அகதி என்று எழுதாமல் என் பெயரை இந்த நாட்டில் யாரோ எழுதிய முதல் இடம் அதுதான், அக்கா.

கோபம் ஆறினால் எழுதுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
அகஸ்ரின்


வோபர்ன், ஸ்காபரோ
2023 டிசம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

பாலன் பிறப்புக் காலத்தில் நீயும் மரியம்மாவும் சமாதானமாக இருக்க மன்றாடுகிறேன். களிம்பு வந்தது. அத்தான் பூசுகிறார், வீடு முழுக்கக் கற்பூர மணம்.

உன் சரித்திரத்தை இரண்டு தரம் வாசித்தேன். எலிக்குழிக் கதையை வாசித்தபிறகு அந்த ரோல்ஸை நினைக்கவே முடியவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இல்லை. ஏன் சிரித்தாய்?

இங்கே உனக்கு நல்ல பெயர். போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். இராஜரட்ணம் அங்கிள் எல்லாரும் கேட்க, "உங்கட தம்பி வெள்ளைக்காரனுக்கே தண்ணி ஊத்துறாராம். கெட்டிக்காரன்" என்றார். நான் வீடியோவை முழுதாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தனான் பிள்ளை. அதில என்ன?"

"அந்தத் தலை, அங்கிள்."

"அது ஆபிரிக்கன்ர தலையெல்லோ. எங்கட இல்லையே."

சொல்லிவிட்டு கேக்கை எடுத்து வாயில் வைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வீடு எரிந்து வந்தவர்கள். நான் கோப்பியை அப்படியே வைத்துவிட்டேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

இன்னொரு செய்தி. ஜூலியனுக்கும் அவன் சிநேகிதன் வின்சன்ற்றுக்கும் இங்கே பக்கத்து மார்க்கம் நகரத்தில் இங்கிலிஷ் பப் ஒன்று திறக்க எண்ணம். பிளாசா ஒன்றில் இடமும் பார்த்துவிட்டார்கள். உன்னைப் பார்த்துத்தான் இந்தப் புத்தி. நீ அவனுக்கு நல்லது சொல்லு.

அன்புடன் அக்கா,
அருள்மலர்


மார்ஸ்பரி
2024 ஜனவரி 30

அன்பான அக்காவுக்கு,

சுகம். இங்கே ஒரே மழை; நிலவறையில் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே பனி எப்படி?

போன கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒரு லான்ட்லோர்ட்டைப் பற்றி எழுதுகிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் இருந்தவன், வோல்ட்டர். படையிலிருந்து தப்பி ஓடிவந்த தன் மகனை இந்த நிலவறையில், பீப்பாய்களுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான். மேலே இருந்து குடித்த சனத்தில் பாதிக்கு அது தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நல்ல சனம், அக்கா. நாங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

எனக்கு முன்பு இருந்தவன் டெரெக். கடையை விட்டபிறகும் தினமும் வந்து மூலைக் கதிரையில் இருப்பான். நான் கிளாஸ் துடைக்கும் விதம் பிழை என்பான், பியர் வார்க்கும் விதம் பிழை என்பான். திறப்புக் கோர்வையை என் கையில் தந்த அன்று அவன் சொன்னது: "கடை உன்ர. தலை ஊரின்ர." அதனால் கழற்று என்று நீங்கள் எழுதுவது சுலபம்.

ஜூலியன் வட்ஸ்அப்பில் என்னோடு கதைக்கிறான். நல்ல பெடியன், முயற்சியுள்ளவன். பழைய மேசை, கதிரை, கண்ணாடி எல்லாம் எங்கே வாங்கலாம் என்று கேட்கிறான்.

வேலை இருக்கிறது. நிறுத்துகிறேன்.

தம்பி,
அகஸ்ரின்


வோபர்ன், ஸ்காபரோ
2024 பெப்ரவரி 25

அன்புள்ள அகஸ்ரினுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தில் மரியம்மாவின் அன்பும் இல்லை, பெயரும் இல்லை. அவள் சுகமா?

வேலையிடத்தில் டொரீன் என்று ஒரு கறுப்பினத்தவள், யமேக்காக்காரி, இருக்கிறாள். பதினைந்து வருடமாக நானும் அவளும் ஒரே சோடி. கட்டிலில் கிடக்கிறவர்களைப் புரட்ட, குளிப்பாட்ட, செத்தவர்களைத் துடைத்துத் துணி மாற்ற, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அம்மா மன்னாரில் செத்த செய்தி வந்தபோது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். போன கிழமை சாப்பாட்டு நேரத்தில், "உன் தம்பியின் பப்பைக் காட்டு" என்று கேட்டாள். போனில் படமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நாள் முழுக்க அவளோடு கட்டில் புரட்டினேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உனக்காக நான் அவளிடம் பொய் சொன்னேன், தம்பி. என்னிலேயே எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அக்கா,
அருள்மலர்


மார்ஸ்பரி
2024 ஏப்ரல் 14

அன்பான அக்காவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. உடம்புக்குச் சுகம்.

தலையைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் வெளியூர்க் காரில் ஒரு பெண் வந்தாள். கறுப்பினத்தவள், உங்கள் வயதிருக்கும், நல்ல உடுப்பு. வாசலில் நின்று மேலே பார்த்தாள். உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். "நீங்கள்தான் உரிமையாளரா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒன்றும் வேண்டாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தேன்" என்றாள். போய்விட்டாள். டெரெக் மூலையில் இருந்து சிரித்தான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அடுத்தநாள் காலையில் ஏணி வைத்து ஏறினேன். அவ்வளவு கிட்ட அதை முன்பு நான் பார்த்ததில்லை. முதல்நாள் ஏறியபோது கூட்டத்தைத்தான் பார்த்தேன். அக்கா, அந்த வாய் பிறகு வெட்டிய வாய். உளியடி தெரிகிறது. முதலில் செதுக்கியவன் உதட்டை மூடித்தான் செதுக்கியிருக்கிறான். இரண்டு கரையிலும் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. பியர் ஊற்றுவதற்காக எவனோ ஒரு லான்ட்லோர்ட் அந்த மூடின வாயை உடைத்துக் கழுத்து வரைக்கும் துளை போட்டிருக்கிறான். துளைக்குள் இருநூறு வருட ஊத்தை. கறுப்பாக, களி மாதிரி. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

கழற்றிய கிழமையே சனம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் கைபிடியில், திறப்புத் துவாரத்தில், கண்ணாடியில் எல்லாம் மாட்டுச் சாணியும் மனிதர் மலமும் குழைத்துப் பூசியிருந்தது. நான் வாளியோடு நின்று கழுவினேன். டெரெக்கும் மற்ற மூலைக் கதிரைக்காரர்களும் தெருவுக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தார்கள். மரியம்மா ஜனவரியிலேயே லண்டனுக்குத் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள், உங்களுக்கு எழுதவில்லை. கொஞ்ச நாளில் வருவாள்.

உங்கள் தம்பி,
அகஸ்ரின்


வோபர்ன், ஸ்காபரோ
2024 மே 5

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாதா உன்னைக் கைவிடமாட்டா. சாப்பிடுகிறாயா? மரியம்மா இல்லாமல் என்ன சமைக்கிறாய்? நான் அவளுக்குப் போன் எடுத்தேன். "அவர் ஏணியில ஏறின நாளே எனக்கு மனம் விட்டுப்போச்சுது மச்சாள்" என்றாள். நீ கழற்றியதைச் சொன்னதும், "அது இப்ப எங்க கிடக்கு?" என்று கேட்டாள். கூப்பிடு, வருவாள்.

டொரீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும். வீடியோவையும் காட்டினேன். அவள் முழுக்கப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். "உன் தம்பியை யாராவது அடித்தார்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "சரி, கவனமாக இருக்கச் சொல்" என்றாள்.

பூசையிலும் சொன்னேன். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பரவாயில்லை.

தலையை என்ன செய்தாய்? எரித்தாயா, புதைத்தாயா? எழுது.

உன் அக்கா,
அருள்மலர்


மார்ஸ்பரி
2024 ஜூலை 2

அன்பான அக்காவுக்கு,

சுகம். மரியம்மா திரும்பி வந்துவிட்டாள். வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறது. பக்கத்து ஊர்ப் பெடியள் ரோல்ஸுக்காக வருகிறார்கள். வாசலில் இப்போது வெறும் இரும்புக் கம்பிதான் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் புறா இருக்கிறது.

ஹன்னாவைப் பற்றி முன்பு எழுதினேன். அவளும் ஒருமுறை அந்தத் தலையைக் கழற்ற நினைத்தவளாம், வியாபாரம் படுத்துவிடும் என்று விட்டுவிட்டாளாம். சரித்திரச் சங்கத்துக் கிழவர் சொன்னார்.

தலை வீட்டை விட்டுப் போய்விட்டது. இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ஜூலியனின் திறப்புவிழாவுக்கு வர ஏலாது. என் ஆசீர்வாதம் உண்டு.

அகஸ்ரின்


வோபர்ன், ஸ்காபரோ
2024 செப்ரெம்பர் 15

அகஸ்ரின்,

நீ சுகமாய் இருப்பாய். நான் சுகமில்லை.

நேற்று மார்க்கத்தில் ஜூலியனின் பப் திறந்தது. இரண்டு நாளாக நான்தான் நின்று கட்லட் உருட்டினேன், இறால் பொரித்தேன். சாமியார் வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். ஐம்பது அறுபது பேர், முழுக்க எங்கள் சனம். மேசை, கதிரை, மங்கல் வெளிச்சம் எல்லாம் நல்ல வடிவு. பாருக்கு மேலே ஒரு பச்சைத் துணி தொங்கியது. ஏதோ பெயர்ப்பலகையாக்கும் என்று நினைத்தேன்.

வின்சன்ற் துணியை இழுத்தான்.

புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். உதடு இன்னும் சிவப்பு. கீழே இருந்து லைற் போட்டிருந்தது. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். ஜூலியன் ஏணியை விரித்து, கையில் பியர்க் குடத்தோடு ஏறினான். "இங்கிலாந்தில ஒரிஜினல் பப்பில முந்நூறு வருசமா இருந்த தலை. மாமா எனக்கெண்டு அனுப்பினவர். முதல்நாள் லான்ட்லோர்ட் இதுக்குக் குடிக்கக் குடுக்கோணும்."

சனம் கைதட்டியது. இராஜரட்ணம் அங்கிள் கத்தினார்: "தம்பி, அவனுக்கு ஐஸ் போட்டுக் குடு." சிரிப்பு. எனக்குப் பக்கத்திலும் ஒரு சிரிப்புக் கேட்டது. திரும்பினேன், சீமோன் அத்தான்.

நீ எழுதிய ஊத்தையின் நாற்றம் எனக்கு அங்கே மணத்தது. நான் பொரித்த இறாலின் எண்ணெய் என் கையில் இருந்தது, அதுவும் மணத்தது. ஓடிப்போய் வெளியே வாந்தி எடுக்கத்தான் எழும்பினேன். கால் மற்றப் பக்கம் போனது.

பாருக்குப் பின்னால் போய் அந்தத் தலைக்கு நேரே கீழே நின்றேன். நிமிர்ந்து வாயைத் திறந்தேன்.

"அம்மா, என்ன செய்யுறீங்க? தள்ளி நில்லுங்கோ."

"இங்க ஊத்து."

"அம்மா, விளையாடாதீங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். எனக்கு முதல் ஊத்து. நானும் கறுப்புத்தான். என்ர வாய்க்குள்ள ஊத்திப்போட்டு அதுக்கு ஊத்து."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். பாட்டையும் நிற்பாட்டினார்கள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். கழுத்து நொந்தது. ஜூலியனின் குடம் சரிந்து, கொஞ்சப் பியர் என் நெற்றியில் விழுந்து கண்ணுக்குள் போனது. எரிந்தது. நான் வாயை மூடவில்லை.

அவன் குடத்தோடு இறங்கிச் சமையலறைக்குள் போனான். பிறகு வெளியே வரவில்லை. சனம் கட்லட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் போனது.

பார்க்கிங்கில் அத்தான், "அது ஒரு மரக்கட்டை, அருள். பெடியன்ர நாளைப் பாழாக்கிப்போட்டாய்" என்றார். நான் பஸ்சில் வந்தேன்.

நான் உன்னைக் கேட்டேன், எரித்தாயா, புதைத்தாயா என்று. வீட்டை விட்டுப் போய்விட்டது என்று எழுதினாய். என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எழுதினாய். மலத்தைக் கழுவியவன் நீ. பிறகும் அதைச் சுற்றிக் கட்டி என் பிள்ளைக்கு எப்படி அனுப்பினாய்?

அருள்மலர்


மார்ஸ்பரி
2024 ஒக்ரோபர் 6

அன்பான அக்காவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

மே மாதம் ஜூலியன் கேட்டான். அம்மாவுக்குச் சொல்லாதீங்கோ மாமா என்றான். நான் இரண்டு தரம் அதை விறகுக்குள் கொண்டுபோய் வைத்தேன். முகம் இருக்கிற ஒன்றில் நெருப்பு வைக்கக் கை வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை. மரியம்மா, அது இருக்கும்வரை வரமாட்டேன் என்றாள். கனடாவில், எங்கள் ஆட்களுக்குள் போனால், அது வெறும் மரமாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து அப்படிச் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் முதல் கடிதத்திலிருந்து கேட்கிறீர்கள், ஏன் சிரித்தாய் என்று. ஏணியில் நிற்கிறவன் சிரிக்காமல் கீழே இறங்க ஏலாது, அக்கா. அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு தலையிடி. தலை கனடாவில் இருப்பதை யாரோ பேஸ்புக்கில் கண்டு ஊரில் சொல்லிவிட்டார்கள். அது ஊர்ச் சொத்து, திருப்பித் தர வேண்டும் என்று சரித்திரச் சங்கம் கடிதம் அனுப்பியிருக்கிறது. நகர மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். வருடத்தில் ஒருநாள், திருவிழா அன்று மட்டும், வெளியே எடுத்துப் பழைய வழக்கப்படி பியர் கொடுப்பார்களாம். இப்போதைய லான்ட்லோர்ட் என்பதால் அதை ஊற்றவும் என்னையே கேட்கிறார்கள். டெரெக் இன்று என்னோடு கைகுலுக்கினான்.

ஜூலியனிடம் கேட்டேன். தன்னிடம் இல்லை என்று மட்டும் சொன்னான். என்ன செய்ய?

உங்கள் தம்பி,
அகஸ்ரின்


வோபர்ன், ஸ்காபரோ
2024 நவம்பர் 24

தம்பி அகஸ்ரினுக்கு,

அத்தானும் நானும் இருக்கிறோம். மரியம்மாவுக்கு என் அன்பு.

தலை இங்கேதான் இருந்தது. நீ கடிதம் எழுதுவதற்கு முன்பே ஒரு ஞாயிறு, நாங்கள் பூசைக்குப் போன நேரம், ஜூலியன் அதைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மணி அடிக்கவில்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. பப் நடக்கிறது. பாருக்கு மேலே இப்போது கிரிக்கெட் காட்டுகிற பெரிய ரிவியாம்.

அத்தான் அதைக் கராஜுக்குள் வை என்றார். நான் பேஸ்மன்ற்றில் சலவைத் தொட்டிக்குள் வைத்துச் சுடுதண்ணீர் விட்டேன். கையுறை போட்டுக்கொண்டு அந்தத் துளைக்குள் விரலை விட்டுத் தோண்டினேன். வந்தது எல்லாவற்றையும் எழுதமாட்டேன். வேலையில் கண்டதைவிடக் கேவலம். மூன்று நாள் ஊறவைத்துக் கழுவினேன். அத்தான் படியில் நின்று பார்த்தார். மூன்றாம்நாள் தானாக இறங்கி வந்து, சுரண்டியை எடுத்துப் பெயின்ற்றைக் கிளப்பத் தொடங்கினார். இந்த மனுசன் இருபத்தைந்து வருடம் ஊரார் வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் போட்டவர். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, திரும்பச் சிவப்பு. கடைசியில் தேன் நிறத்தில் மரம் வந்தது.

உன் ஊருக்கு அது திரும்ப வேண்டும் என்றால் வரட்டும். எரிக்க எனக்கும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. ஆனால் வந்தபடி அனுப்ப மாட்டேன் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் மேப்பிள் கட்டை ஒன்றை எடுத்து, துளையின் அளவுக்குச் சீவி, பசை வைத்து, கழுத்திலிருந்து உதடு வரைக்கும் அடித்து இறக்கினார். பிறகு இரண்டு கரையிலும் நீ சொன்ன அந்தக் கோட்டைப் பிடித்து, நடுவில் சேர்த்து, உதட்டை மூடிச் செதுக்கினார். இரண்டு கிழமை எடுத்தது. முழங்கால் நோவோடு குந்தியிருந்து செய்தார். நான் செய்யச் சொல்லவில்லை. சிரித்ததைப் பற்றியும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெட்டி நாளைக்குக் கூரியரில் போகிறது. உன் சங்கத்துக்காரர் கண்ணாடிக்குள் வைக்கட்டும், வெளியே எடுக்கட்டும். அந்த வாய்க்குள் இனி ஒருத்தனும் ஒன்றும் ஊற்ற ஏலாது. ஊற்றினால் ஊற்றுகிறவன் சப்பாத்தில்தான் விழும். கேட்டால் ஸ்காபரோவில் ஒரு தச்சன் செய்தது என்று சொல்.

உங்கள் எல்லாரிலும் எனக்கு இன்னும் அருவருப்புத்தான். உன்னில், பிள்ளையில், அந்த மண்டபத்துச் சனத்தில். கட்லட் உருட்டிய என் கையிலும். அது கழுவப் போகாது போல. ஆனாலும் நீ சாப்பிட்டுச் சுகமாய் இரு.

பெட்டியை மூடுவதற்கு முன்பு அத்தான் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"ஆரோ ஒரு ஆளைப் பாத்துத்தான் செய்திருக்கிறான், அருள். சும்மா செய்த முகமில்லை" என்றார். பிறகு சொன்னார்: "ஆள் ஆரெண்டு கேக்க இனி ஒருத்தரும் இல்லை."

அக்கா,
அருள்மலர்